மலை அடங்கிய பிற்பகல்

மலையம்மாவுக்கு ஊசி குத்தும்போது நர்ஸுக்கு எப்போதுமே கொஞ்சம் கோபம் வரும். அன்றைக்குக் கூடுதலாகவே வந்தது. வாரத்துக்கு மூன்று தடவை வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய மனுஷி, வேலை இருக்கிறது என்று போன தடவை மட்டம் போட்டுவிட்டார். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. மாடிப்படி ஏறி வந்ததற்கே மூச்சு இரைத்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் பொட்டாசியம் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"ஊருக்கெல்லாம் எச்சரிக்கை குடுக்கிறீங்க. உங்களுக்கு யாரு மேடம் குடுக்கிறது?" என்று பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள் நர்ஸ்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார் மலையம்மா.

ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்த அந்த அறையில் நான்கு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். கையில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் வெளியே வரும், வடிகட்டியில் புகுந்து புறப்பட்டு இன்னொன்று வழியாக உள்ளே போகும். ஒரு சின்னச் சக்கரம் சுற்றிச் சுற்றி அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அடுத்தது தையற்காரர். அதற்கடுத்து ஆரம்பப் பள்ளி டீச்சர். கதவோரம் மலையம்மா. வருஷக்கணக்காக ஒரே அறையில் நான்கு நான்கு மணி நேரம் கட்டிப்போட்டது போல் உட்கார்ந்து, இவர்கள் சொந்தக்காரர்களைவிட நெருங்கிப்போனவர்கள். ஒருத்தர் வீட்டுச் சண்டை இன்னொருத்தருக்கு அத்துப்படி. பார்த்துக்கொள்ள நர்ஸும், தண்ணீர் சுத்திகரிப்பையும் ஜெனரேட்டரையும் கவனிக்கிற டெக்னீஷியனும்தான். டாக்டர் அன்றைக்குப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

மலையம்மா என்பது கண்டக்டர் வைத்த பேர். எரிமலைக் கண்காணிப்பு நிலையத்துக்கு அவர்தான் தலைவர். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மலை, யாருக்கும் நினைவு தெரிந்து வாய் திறந்ததில்லை. போன மழைக்காலத்தில்தான் உள்ளுக்குள் உறுமத் தொடங்கியது. மலையம்மா சொன்ன ஒரே சொல்லுக்குச் சரிவில் இருந்த அத்தனை ஊரையும் காலிசெய்து கீழே கொண்டுவந்து பள்ளிக்கூடங்களில் அடைத்தார்கள். பெஞ்சுக்கு அடியில் தூங்கி, வரிசையில் நின்று குளித்து, பிள்ளைகளுக்கெல்லாம் சொறி வந்ததுதான் மிச்சம். மலை ஒரே ஒரு நாள் இருமியது, மொட்டைமாடியில் காயப்போட்ட துணி சாம்பல் பூத்தது, அவ்வளவுதான். மேலே கட்டிப்போட்டுவிட்டு வந்த மாடுகள் பால் கறக்க ஆள் இல்லாமல் மடி கட்டிச் செத்தன. சனங்கள் திரும்பிப் போனபோது வாயில் வராத வசவு இல்லை. கடைத்தெருவில் மலையம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இப்போதும் உண்டு.

நர்ஸின் வீட்டுக்காரரே அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவர் பால் வேன் ஓட்டுகிறவர். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினதும் மலையேறி, உச்சியில் இருக்கிற கடைசிக் குடியிருப்பில் தொடங்கி, ஒவ்வொரு ஊராகக் கேன்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். மாடு போனால் அவருக்கு வண்டி எதற்கு? "உன் ஜோசியக்காரம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் மனைவியிடம் விசாரிப்பார்.

கண்டக்டருக்கு அன்றைக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. அந்த மலைக்குள் அப்படி என்னதான் நெருப்பு இருக்கிறது, யார் அதற்கு விறகு போடுகிறார்கள் என்று கேட்டார்.

நெருப்பே கிடையாது என்றார் மலையம்மா. எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். அங்கே ஏது காற்று? எவ்வளவோ ஆழத்தில், கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத்தளம் நிலத்துக்கு அடியில் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. நகம் வளர்கிற வேகம்தான். போகும்போது கடல் தண்ணீரையும் தனக்குள் சுமந்துகொண்டு போகிறது. அந்த ஈரம் பட்டதும், ஏற்கெனவே கொதித்துக்கொண்டு உருக மாட்டேன் என்று அடம்பிடித்த பாறை உருகிவிடுகிறது. உருகினது இலேசு, அதனால் மேலே வரப் பார்க்கும். பாதி வழியில் தேங்கி, கொஞ்சம் ஆறி, பசைபோல் கெட்டியாகும். அதற்குள் வாயு கரைந்து கிடக்கிறது. மேலே வர வர அழுத்தம் குறைந்து வாயு குமிழ் குமிழாகப் பிரியும். குழம்பு தண்ணியாக இருந்தால் குமிழ் சுலபமாக வெளியேறிவிடும், பாறைக்குழம்பு வழிந்து ஓடும், மனுஷன் நடந்தே தப்பித்துவிடலாம்.

"நம்ம மலையோடது தண்ணி இல்ல. பசை" என்றார். "குமிழுக்கு வழி கிடைக்காது. வழி கிடைக்காம போனா அந்தக் குழம்பையே தூள் தூளா உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அந்தத் தூள்தான் சாம்பல். மலைன்னு நாம நின்னு பாக்கறமே, அதுவே முன்னாடி வந்து விழுந்து குவிஞ்சதுதான்."

"அப்ப மலைங்கறதே அதோட பழைய வாந்தின்னு சொல்லுங்க" என்றார் கண்டக்டர். டீச்சர் முகத்தைச் சுளித்தாள். தையற்காரர் மட்டும் ரொம்ப நேரம் சிரித்தார்.

அப்போதுதான் மலையம்மாவின் போன் அடித்தது. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. இன்னொரு கையில் ரத்த அழுத்தப் பட்டை. ஆகவே நர்ஸ் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் தோளருகே பிடித்துக்கொண்டாள்.

நிலையத்தில் வேலை பார்க்கிற உதவியாளர்தான். குரலில் அப்படி ஓர் உற்சாகம். காலையிலிருந்தே அதிர்வு குறைந்துகொண்டு வந்ததாம், இப்போது சுத்தமாக நின்றுவிட்டதாம். மலையின் வாயிலிருந்து வருகிற கந்தக வாயுவும் பத்தில் ஒரு பங்குகூட இல்லையாம். மலை அடங்கிவிட்டது. மாவட்ட அதிகாரி நிலையத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். எச்சரிக்கையை விலக்கிக்கொள்வதாக இன்றைக்கே அறிவித்துவிடலாம் என்கிறார். மேடம் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும்.

மலையம்மா சரி என்று சொல்லவில்லை. "மேல் சரிவுல சாய்வு அளக்கிற கருவி என்ன சொல்லுது?" என்று கேட்டார். மலை உள்ளிருந்து வீங்கினால் அதில்தான் தெரியும்.

"அது ஏறிக்கிட்டேதான் மேடம் இருக்கு. மத்தியானத்துலேர்ந்து ரொம்ப வேகமா. கருவி கெட்டுப்போச்சோன்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

"அங்க ரெண்டு கருவி இருக்கு. ரெண்டும் சேர்ந்தாப்பல கெட்டுப்போச்சா?"

 இயந்திரத்தின் திரையில் மலையம்மாவின் நாடித்துடிப்பு எண்பதிலிருந்து நூறைத் தாண்டியதை நர்ஸ் பார்த்தாள்.

"சிஸ்டர்" என்றார் மலையம்மா, நர்ஸைப் பார்த்து. "அடுப்புல குக்கர் வச்சிருக்கீங்க. விசில் விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்தது. திடீர்னு நின்னுபோச்சு. என்ன நினைப்பீங்க?"

"அடுப்பு அணைஞ்சிருக்கும் மேடம்."

"அடுப்பு எரியுது."

 கண்டக்டர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள் மெல்ல மடியில் இறங்கியது. 

என்னைக் கழற்றிவிடுங்கள், நான் போக வேண்டும் என்றார் மலையம்மா. நர்ஸ் முடியாது என்றாள். இயந்திரம் ஓடத் தொடங்கி அரை மணிகூட ஆகவில்லை. இந்தப் பொட்டாசியத்தோடு மாடிப்படி இறங்கினால் பாதிப் படியில் விழுவீர்கள், அப்புறம் எந்த மலையைப் பார்ப்பது என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் குழாய்க்கும் அவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். மலையம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்றார்.

அதிகாரி தேன் தடவிப் பேசுகிற மனுஷர். போன தடவை மேடம் பேச்சைக் கேட்டு அவர் பட்ட பாட்டை நினைவூட்டினார். இந்தத் தடவையும் ஒன்றும் நடக்காவிட்டால் சரிவில் இருக்கிறவர்கள் தம்மை உயிரோடு விடமாட்டார்கள் என்றார். ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு சாவகாசமாக வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

"மலை எங்க மேடம் ஓடிடப்போகுது?" என்று சிரித்தார்.

சட்டப்படி அபாயச் சங்கு ஊத அதிகாரி தேவையில்லை. நிலையத்தின் தலைவர் சொன்னால் போதும். ஆனால் மலையம்மா உடனே சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இந்தத் தடவையும் நான் சொல்லி ஒண்ணும் ஆகலைன்னு வைங்க" என்றார், நர்ஸுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அடுத்த தடவை நான் கால்ல விழுந்தாக்கூட ஒருத்தர் எழுந்திரிக்க மாட்டாங்க. நிஜமா வெடிக்கிறது அந்த அடுத்த தடவையா இருந்தா?"

 இந்நேரம் நர்ஸின் வீட்டுக்காரர் பாலத்தைத் தாண்டி மலையேறியிருப்பார். ஊதச் சொல்லுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தன் புருஷனுக்காகத்தானே சொல்கிறோம், மலையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று அதை அப்படியே விழுங்கினாள். விழுங்கினதை மலையம்மா பார்த்துவிட்டார்.

"வீட்டுக்காரர் மேல போயிருக்காரா?"

நர்ஸ் தலையை ஆட்டினாள்.

மலையம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிடச் சொன்னார். "சங்கை ஊது. எல்லா ஊர்லயும். என் பேர்ல" என்றார். அந்தப் பக்கம் யாரோ எதிர்த்துப் பேசுகிற சத்தம் கேட்டது, அதிகாரியாக இருக்கும். மலையம்மா மறுபடி அதே வார்த்தைகளை, ஒரு எழுத்துகூட மாற்றாமல் சொன்னார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து முதல் சங்கு எழுந்தது. அதைத் தொட்டுக்கொண்டு அடுத்தது, அதற்கும் மேலே இன்னொன்று. "நமக்கு ஊதறதுக்கு முன்னாடி மலைக்கு ஊதிட்டாங்கய்யா" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

உதவியாளர் மறுபடி அழைத்தார்.  உச்சியில் இருக்கிற கடைசிக் குடியிருப்பில் சங்கு ஊதவில்லை. போன வாரமே யாரோ கம்பியை வெட்டிவிட்டார்கள். ஆள் அனுப்பிச் சரிசெய்ய இருந்தார்கள். அங்கே போன் எடுக்கிறவர்களும் இல்லை. எல்லாரும் மாட்டுக் கொட்டகையில் இருப்பார்கள், பால் கறக்கிற நேரம்.

மலையம்மா நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. "உங்க வீட்டுக்காரர் வண்டியில கேனை எல்லாம் இறக்கிட்டா எத்தனை பேர் ஏறலாம்?"

நர்ஸுக்கு ஒரு கணம் அந்தக் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். இறங்கி வந்துவிடுங்கள், எதையும் பார்க்காதீர்கள், திரும்புங்கள். இதைத்தான் சொல்லப்போகிறாள். நான்கு தடவை மணியடித்த பிறகு அவர் எடுத்தார். பின்னால் கேன் உருளுகிற சத்தம், ஒரு கன்றுக்குட்டி கத்துகிற சத்தம், ஒரு சின்னப் பெண் யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம்.

"எங்க இருக்கீங்க?"

"மேலதான், கடைசியில. என்ன இந்த நேரத்துல? கீழ ஏதோ ஊதுற மாதிரி இருக்குன்னு இவங்க சொல்றாங்க. ஆலைச் சங்கா?"

நர்ஸ் வாயைத் திறந்தாள். "ஆலை இல்லங்க. மலை. அந்த ஊர்ச் சங்குக் கம்பிய வெட்டியிருக்காங்க, அதான் அங்க கேக்கல. பாலைக் கொட்டிட்டு ஆளுங்கள ஏத்துங்க. ஏத்த முடிஞ்ச வரைக்கும் ஏத்திக்கிட்டு உடனே இறங்குங்க."

"யாரு, உன் ஜோசியக்காரம்மா சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

 அவர் "சரி" என்றார். கேனின் மூடி தரையில் விழுந்து உருளுகிற சத்தத்தோடு தொடர்பு அறுந்தது.

திரும்பி வந்து நர்ஸ் ஒவ்வொருவர் குழாயாகப் பார்த்தாள், ரத்த அழுத்தம் எடுத்தாள், தையற்காரரின் போர்வையை இழுத்துவிட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பாலத்தில் மோட்டார் சைக்கிள்களும் டிராக்டர்களும் இறங்கிவருவதைக் கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்றார். கொஞ்சம் கழித்து, இல்லை, நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். பால் வேன் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தால் அவரே கத்தியிருப்பார், ஆனால் அந்தப் புழுதியில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரியவில்லை.

மலை அமைதியாக நின்றது. வழக்கமாக உச்சியில் கட்டியிருக்கிற வெள்ளைப் புகைகூட இல்லை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. இவ்வளவு அழகாக அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றாள் டீச்சர். மலையம்மா, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்றார். ஆனால் நேரம் போகப் போக அவர் முகத்திலும் ஒரு சந்தேகம் தட்டியது. உதவியாளரிடம் சாய்வை மறுபடி மறுபடி கேட்டார். ஏறுகிறது மேடம், ஏறுகிறது என்றே பதில் வந்தது. ஒரு தடவை மட்டும், "மேடம், முள் ஓரத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல் நடந்தது. முதலில் மலையின் தோள்பட்டை ஒரு பக்கமாகப் புடைத்ததைக் கண்டக்டர் பார்த்தார். என்ன அது என்று கையை நீட்டினார். கல்லும் மண்ணுமாக ஒரு கறுப்புத் தூண், காலிஃபிளவர் போலச் சுருண்டு சுருண்டு, சத்தமே இல்லாமல் மேலே எழுந்தது. அது வானத்தில் பாதி ஏறின பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைந்து தெறித்தது. நர்ஸ் டீச்சரின் மேல் குனிந்து குழாய்களை மறைத்துக்கொண்டாள். முதுகில் கண்ணாடித் துணுக்குகள் மழைபோல் கொட்டின.

நிமிர்ந்தபோது தூணின் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. மேகம் மாதிரி மெத்தென்றிருந்த அது, தண்ணீர் மாதிரி மலைச்சரிவில் இறங்கியது. மரங்களையும் கொட்டகைகளையும் விழுங்கிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து ஓடியது. "சூடான வாயுவும் சாம்பலும்" என்று மலையம்மா முணுமுணுத்தார். "அதை யாரும் ஓடி ஜெயிக்க முடியாது. பள்ளத்தைப் பாத்துத்தான் போகும். நாம மேட்டுல இருக்கோம்." பாலம் இருக்கிற பக்கம் எதுவும் தெரியவில்லை.

சாம்பல் ஊர்மேல் விழத் தொடங்கியதும் பிற்பகலே இருட்டிப்போனது. கூடவே மழை. சாம்பல் கலந்த சேறாக விழுந்தது. தெருமுனை மின்கம்பத்தில் ஈரச்சாம்பல் அப்பிய பீங்கானில் நீலமாக ஒரு தீ ஓடியது, அதோடு ஊரில் மின்சாரம் போனது. கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு பிடித்தது. விளக்கு வந்தது. கொஞ்ச நேரம்தான். காற்று வடிகட்டி சாம்பலை உறிஞ்சி மூச்சடைத்து அதுவும் நின்றது. டெக்னீஷியன் ஈரத்துணியோடு கீழே ஓடினார். இயந்திரங்களின் பேட்டரி தாங்க வேண்டிய நேரம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கூவி அணைந்தன. சக்கரங்கள் நின்றன.

சக்கரம் நின்றால் குழாயில் இருக்கிற ரத்தம் உறைந்துவிடும். உறைந்தால் அவ்வளவு ரத்தமும் வீண்; ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்கள். நான்கு பேர், ஒரே ஆள். நர்ஸ் செல்போன் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, இயந்திரத்தில் மடக்கி வைத்திருந்த கைப்பிடியை விரித்து மாட்டினாள். குழாயில் நின்ற ரத்தத்தை உப்புநீரால் உடம்புக்குள் திருப்பித் தள்ள, பாட்டிலைத் திறந்துவிட்டு முதலில் கண்டக்டரின் சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கினாள். இரண்டு சுற்றுச் சுற்றினதும் ஒரு யோசனை வந்தது. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உங்க இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

"சில்லறை குடுத்துக் குடுத்துத் தேஞ்ச கைம்மா. சுத்தறதுக்கு என்ன, குடுங்க."

நாற்காலியை இயந்திரத்துக்கு நெருக்கித் தள்ளினாள். மெதுவாக, ஒரே சீராக, இந்தப் பக்கமாக மட்டும் என்று காட்டிக்கொடுத்தாள். தையற்காரருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தையல் மிஷின் சக்கரம் சுற்றுகிற கை அது. டீச்சர் அழுதுகொண்டே சுற்றினாள், ஆனால் விடாமல் சுற்றினாள். இருட்டில் மூன்று கைப்பிடிகளும் கிறீச்சிட்டன. நர்ஸ் ஒவ்வொரு குழாயாக விளக்கடித்துக் காற்றுக்குமிழ் நுழைகிறதா என்று பார்த்தபடி ஓடினாள். மலையம்மாவின் சக்கரத்தை அவளே பிடித்துக்கொண்டாள். அவருடைய கை அவ்வளவு வலுவாக இல்லை. சிவப்பு வெளிறி, ரோஜா நிறமாகி, குழாய் தெளிந்த பிறகுதான் இறுக்கியை மாட்டி ஊசியை எடுத்தாள். அழுத்திப் பிடித்தபடி நாடியைப் பார்த்தாள். இடையிடையே ஒரு துடிப்பு தவறியது; ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரமாவது சுத்தமாகியிருந்ததே அவரைக் காப்பாற்றியது.

கடைசியாக டீச்சர். ஊசி எடுத்த இடத்தில் நர்ஸ் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது கீழே வாசலில் ஒரு வண்டி வந்து எதன்மீதோ மோதி நின்றது. கதவுகள் திறந்தன, குழந்தைகள் இருமினார்கள். நர்ஸ் பஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. டீச்சர்தான், நான் பிடித்துக்கொள்கிறேன் நீங்கள் போங்கள் என்றாள். அப்போதும் ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

வாசல் முழுக்கச் சாம்பல் பூசிய மனிதர்கள். ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை. அவள் ஒவ்வொரு முகமாக விளக்கடித்துக்கொண்டே போனாள். தன் புருஷன் முகத்தையும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டாள்.

"பாலை எல்லாம் கொட்டிட்டேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சுவரில் சாய்த்து உட்காரவைத்து, உப்புநீர் விட்டு அவர் கண்களைக் கழுவினாள். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குடியிருப்பில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததுமே ஏறிவிட்டார்களாம். மீதிப் பேர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்தே வருகிறோம் என்றார்களாம். போன தடவை கட்டிப்போட்டு வந்து சாகடித்தது போதும் என்றார்களாம். முதல் சுமையைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு இரண்டாம் தடவை போக வண்டியைத் திருப்பினார். போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கும்போதுதான் வெடித்தது. அதற்குப் பிறகு மேலே போக வழியும் இல்லை, போவதற்கு ஊரும் இல்லை. சாவியைத் திரும்ப வாங்கி, இறக்கிவிட்டவர்களையே மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார்.

நர்ஸ் மாடிக்குப் போனபோது மலையம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். கடைசிக் குடியிருப்பு என்னவாயிற்று என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. பாதிப் பேர் வந்துவிட்டார்கள் என்றாள், மீதிப் பேர் வரவில்லை என்றாள்.

"கம்பி போச்சுன்னு போன வாரமே எனக்குத் தெரியும்" என்றார் மலையம்மா.

நர்ஸ் அவரைப் படுக்கவைத்து மறுபடியும் நாடி பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சாம்பல் விழுவது குறைந்தது. தண்ணீரும் மின்சாரமும் இல்லாத ஊரில் இயந்திரம் ஓடாது. நான்கு பேரையும் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோயாக வேண்டும். ஆம்புலன்ஸ்கள் எல்லாம் காயம்பட்டவர்களோடு போய்விட்டன. பால் வேனில் மெத்தை விரித்து ஏற்றினார்கள். ஏறும்போது மலையம்மாவும் நர்ஸின் வீட்டுக்காரரும் முதல்முறையாக நேருக்கு நேர் நின்றார்கள்.

"இன்னும் இருக்கா மேடம், இல்ல அவ்வளவுதானா?" என்று கேட்டார் அவர்.

"தெரியல" என்றார் மலையம்மா. "உள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இருக்குன்னு நினைச்சுக்கிட்டே வண்டிய ஓட்டுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, மலையம்மாவின் கையைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டார்.

சாலை இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு பக்கமும் சாம்பல் கனத்தில் கூரைகள் உள்வாங்கிக் கிடந்தன. ஆள் நடக்கிற வேகத்தில்தான் வண்டி போயிற்று. நர்ஸ் முன்சீட்டில் தன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டின பிறகு அவர், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஏறினவர்களில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு. மாட்டை விட்டு வரமாட்டேன் என்று அவள் புருஷன் நின்றுவிட்டானாம். பிள்ளைகளைத் தூக்கி உள்ளே போட்டு அவளையும் தள்ளிக் கதவைச் சாத்தினவன் அவன்தான்.

"வழி பூரா என் முதுகுக்குப் பின்னாடி தகரத்தைத் தட்டிக்கிட்டே வந்தா. நிறுத்து, நிறுத்துன்னு. பாலம் வர்ற வரைக்கும் தட்டினா."

"நீங்க நிறுத்தல."

"நிறுத்தல."

நர்ஸ் அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள். அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளோடு என்றார். சாயங்காலம் திரும்பி வந்ததும் நாம் இரண்டு பேரும் போய்ப் பார்க்கலாம் என்றாள் அவள். அவர் முன்கண்ணாடியில் படிந்த சாம்பலைத் துடைக்க வண்டியை ஓரங்கட்டினார்.